கேட்பதும் படிப்புதான், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமா? இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்த பிறகு அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். பையன் ராத்திரியில் புத்தகத்தைக் கையில் எடுப்பதே இல்லை, ஆடியோ புத்தகத்தைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறான், இதைப் படித்த கணக்கில் சேர்க்கலாமா என்று. ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் கிளாஸ்கோ ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புத்தகமும் கையுமாக இருந்தவர்கள், நம் பிள்ளை இப்படி இருக்கிறானே என்றும் வருத்தப்பட்டாய். தாராளமாகச் சேர்க்கலாம் பாப்பா. நீ இருக்கும் பிரிட்டன் நாட்டுச் சாதாரண சனங்கள் நெடுங்காலம் காதால்தான் அதிகம் படித்தார்கள். நூலக வேலையில் இருந்தபோது பிடித்த இந்த விஷயத்தை நான் இன்னும் விடவில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சத்தை நினைத்துப் பார். குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீயே சொல்வாய். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் உண்டு. 1709 முதல் 1831 வரை மெழுகுவர்த்திக்கும் வரி. ஏழை வீடுகளில் எரிந்தது ஈர நிலத்தில் வளரும் கோரை மாதிரியான ஒரு புல். அதன் தோலை உரித்து, தண்டு ஒடியாமல் இருக்க ஒரே ஒரு நார் மட்டும் விட்டு, காயவைத்து, உருக்கிய கொழுப்பில் தோய்த்து எடுப்பார்கள். பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பை வழித்து வைத்துக்கொண்டால் அதற்குக் காசு செலவில்லை. செல்போர்ன் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் ஒயிட் இதையெல்லாம் பக்கத்தில் நின்று கவனித்து எழுதியிருக்கிறார். இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள ஒரு தண்டை எரியவிட்டு நேரம் பார்த்திருக்கிறார். 57 நிமிடம் எரிந்ததாம்.

அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒருவர் எழுத்தைப் பார்ப்பதே பாடு. பின்னுவதற்கும் நூல் நூற்பதற்கும் கை பழகியிருந்தால் போதும். அதனால் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கைவேலையை விடாமல் கேட்டார்கள். பைபிளானாலும் தெருவில் கூவிச் சில்லறைக் காசுக்கு விற்ற சின்னப் புத்தகமானாலும் இப்படித்தான்.

வசதி கொஞ்சம் கூடிய வீட்டிலும் இதே பழக்கம்தான். தெற்கு இங்கிலாந்தின் சஸெக்ஸில் ஈஸ்ட் ஹோத்லி என்ற ஊரில் தாமஸ் டர்னர் என்று ஒரு கடைக்காரர் இருந்தார். 1754 முதல் 1765 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. கடை, கடன், குடி, மனைவியோடு சண்டை எல்லாம் அதில் இருக்கும்; நடுநடுவே அன்றைக்கு என்ன படித்தார் என்பதும் இருக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் பேசிய ஒரு நாவல், ஏழு பாகமாக வந்தது, அதை அவருக்கு வாசித்துக் காட்டியது அவர் மனைவி. கதாநாயகியின் இறுதிச் சடங்கு மனதை உருக்கியதாக எழுதிய மனிதர், நன்றாக எழுதப்பட்ட புத்தகம்தான் ஆனால் ரொம்ப இழுத்துவிட்டது என்றும் எழுதிவைத்தார். ஒரு நல்ல வாசகர் செய்யவேண்டியது வேறென்ன? டர்னர் அந்த நாவலைப் படித்தவர் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் இன்னொன்று. 1754ல் இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கையெழுத்துத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள். அதை எண்ணிப் பார்த்து எத்தனை பேருக்கு எழுத்தறிவு இருந்தது என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் அங்கே பிள்ளைகளுக்கு வாசிப்பைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதுவது அப்புறம்தான். வாசிக்கத் தெரிந்ததும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், ஏராளம். குறி போட்டவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பைபிளை வாசித்துக் காட்டியவர்களாக இருந்திருப்பார்கள்.

பத்திரிகை விஷயத்தில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பத்திரிகைக்கு 1712லிருந்தே முத்திரை வரி. 1815ல் அதை ஒரு பிரதிக்கு 4 பென்ஸாக ஏற்றினார்கள். ஏழை கையில் பத்திரிகை போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். அதற்கு முன்பே 1789ல், பத்திரிகையை வாடகைக்கு விடுவதையும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். சனங்கள் சும்மா இருக்கவில்லை. 1831ல் ஹென்றி ஹெதரிங்டன் வரி கட்டாமலேயே ஒரு பென்னிக்கு ஒரு வாரப் பத்திரிகை நடத்தி ஜெயிலுக்குப் போனார். தெருவில் அந்த மாதிரிப் பத்திரிகைகளை விற்ற நூற்றுக்கணக்கான பேரும் போனார்கள். 1837ல் லீட்ஸில் தொடங்கிய 'நார்தர்ன் ஸ்டார்' என்ற பத்திரிகையின் விலை நாலரை பென்ஸ். தொழிலாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பிரதி வாங்கி, மதுக்கடையிலும் பட்டறையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, கூடி நின்று கேட்டார்கள். வாக்குரிமை கேட்டு லட்சக்கணக்கான பேர் கையெழுத்தோடு மனுப் போட்ட கூட்டம் அரசியல் கற்றது பெரும்பாலும் இப்படித்தான். வரி முழுசாகப் போனது 1855ல்.

வருஷம் ஒரு கினி, அதாவது இருபத்தோரு ஷில்லிங், கட்டி லண்டன் வாடகை நூலகத்தில் நாவல் எடுத்த பணக்காரர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கண்ணால் படித்த ஏழைகளும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. உன் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து பிளான்டைரில் பிறந்து, பின்னால் ஆப்பிரிக்கப் பயணங்களால் பேர் வாங்கிய டேவிட் லிவிங்ஸ்டன் பத்து வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனவர். காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை வேலை. முதல் வாரக் கூலியில் ஒரு பங்கைப் போட்டு லத்தீன் இலக்கணம் வாங்கினார். நூற்கும் இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, வேலையாக அங்கும் இங்கும் நடக்கும்போது ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்துக்கொண்டே போவாராம். ராத்திரிப் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, அம்மா எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கும்வரை படிப்பாராம். நினைக்கும்போதே மனது என்னவோ செய்கிறது. இத்தனை சிரமத்தில் இருந்த பிள்ளைகளை அளவுகோலாக வைத்து நம் பையனை அளக்காதே. காதில் விழும் கதை அவனுக்கு உள்ளே போகிறதா என்று மட்டும் பார். காலையில் சாப்பிடும்போது, நேற்று கதை எதுவரை வந்தது என்று கேள். சொன்னான் என்றால் படித்திருக்கிறான். முடிந்தால் வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவிட்டு நீயே ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டு, தமிழிலும் சரி.

கோடை விடுமுறையில் கிரீஃப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னர்பெஃப்ரே நூலகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போ. 1680 வாக்கில் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புத்தகம் எடுத்துப்போகலாம் என்று இருந்த இடம். 1747லிருந்து யார், எந்த ஊர், என்ன தொழில், எந்தப் புத்தகம் என்று எழுதிய பேரேடு அங்கே இருக்கிறது. நெசவாளி, செருப்புத் தைப்பவர், விவசாயி எல்லாரும் அதில் வருவார்கள். வண்டியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், மாப்பிள்ளையிடம் சொல். திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்பு. பேரேட்டில் பையன் எந்தத் தொழில்காரரைக் கண்டுபிடித்தான், அவர் என்ன புத்தகம் எடுத்தார் என்று அவனையே எனக்குச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அப்பா