செயலாளர் ஆண்டறிக்கை: மைதானத்தில் இணையப் பாதுகாப்பு

தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, பொறுப்பாசிரியர்களே, பெற்றோர்களே,

சீருடை, மைதானக் கட்டணம், பயிற்றுநர் கொடுப்பனவு எல்லாம் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளன. இங்கு கொழும்புப் பாடசாலை அணிகளுக்கான இணையப் பாதுகாப்புப் பயிற்சி பற்றி மட்டும் கூறுகிறேன்.

மண்டபத்தில் உட்கார வைத்து விரிவுரை செய்தால் பிள்ளைகள் கொட்டாவிதான் விடுவார்கள். அதனால் பயிற்சி முடிந்து களைப்பாறும் நேரத்தில் 15 நிமிடம் எடுத்துக்கொள்வதே எமது முறை. அதில் நன்றாக எடுபடுவது அஞ்சலோட்டம். கோலுக்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதம்; அதுதான் இணையத்தில் பகிரும் செய்தி என்று வைத்துக்கொள்கிறோம். கிடைத்தவர் அதைப் பிரதி எழுதி இருவரிடம் கொடுக்க வேண்டும். நான்காம் கைமாற்றத்தில் 31 பேரிடம் போய்விடும். பிறகு முதலாமவரிடம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கச் சொல்கிறோம்; பகிர்ந்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது அப்போது புரியும். ஒரு சிக்கல்: பையன்கள் யார் முந்துவது என்பதிலேயே குறியாக இருந்து விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் கைமாற்றத்தில் விசில் அடித்து நிறுத்தி, "நீ ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

சட்டத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒருசேரத் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்கீழ் குற்றம். "ஆதாரத்துக்காக" அதை ஆசிரியருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரதி இன்னொன்று கூடுகிறது, அவ்வளவுதான். அனுப்பவும் வேண்டாம், ஸ்கிரீன்ஷொட்டும் வேண்டாம், பதறி அழிக்கவும் வேண்டாம். கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் ஆகியவற்றைக் கடதாசியில் குறித்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள். வெறும் மிரட்டல், வசை என்றால் கதை வேறு. அங்கே அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுக்கத்தான் வேண்டும்.

தோழனின் கடவுச்சொல் தெரியும் என்பதற்காக அவன் இன்ஸ்டகிராமுக்குள் "சும்மா" நுழைவதையும் பகிடியாக எடுக்க முடியாது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியின்றி நுழைவதற்கு ஐந்து வருடம் வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், சில வேளை இரண்டுமே.

"எங்கள் அணிக்கு வாக்களி" என்று வரும் இணைப்பு ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டால், அது உங்கள் வட்ஸ்அப் கணக்கைப் பறிக்கும் வழி. பறிபோனால் உடனே சொந்த இலக்கத்தில் மீண்டும் பதிவு செய்யுங்கள், திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான இரகசிய இலக்கம் (PIN) போட்டிருந்தால் மட்டும், உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரும். அந்த இரகசிய இலக்கத்தை இன்றைக்கே நீங்கள் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

அடுத்த ஆண்டுக்குச் சபையின் அங்கீகாரம் கோருபவை மூன்று. வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கான பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை அணியின் வட்ஸ்அப் குழுவில் போடாமல் பொறுப்பாசிரியரிடம் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் பயிற்றுநரோடு பெற்றோர் ஒருவரும் அட்மினாக இருக்க வேண்டும். பயிற்றுநர் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது.

செயலாளர்