எங்கள் வாடிக்கையாளர்களுக்கு: கடையில் வேலை செய்த டெப் (டப்லட்) வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் டெப் திருத்தும் கடையைப் பற்றி வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு ஓடிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை வந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, “அண்ணை, இது உங்கட கடைதானே?” என்று கேட்டிருந்தீர்கள். ஓம், எங்கள் கடைதான். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரல்பதிவில் இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, டெப்பில் பிழை இல்லை என்று சொல்லிவிட்டுச் செக்கிங் காசு, அதாவது பார்த்துச் சொல்வதற்கான காசு, எடுத்தது. அதைப் பற்றி எனக்குப் பெரிய மனவருத்தம் இல்லை. வேலை செய்தோம், காசு எடுத்தோம், பிறகு சொல்கிறேன். மற்றதுதான் நெஞ்சில் நிற்கிறது. “கடையில வேலை செய்யுது, வீட்ட கொண்டு வந்தா செய்யேல்லை. கனடாவில இருந்து வந்த டெப் எண்டு கண்டுட்டு உள்ளுக்க எதையோ கழட்டிப்போட்டு விட்டிருக்கினம்” என்று அதில் பேசும் எங்கள் வாடிக்கையாளரான ஒரு அக்கா சொல்கிறார். ஸ்ரான்லி வீதியில் இத்தனை வருடம் கடை வைத்திருப்பவனுக்கு, களவெடுத்தான் என்று கேட்பதைவிட வேறு என்ன வேண்டும்? எங்கள் திருத்தும் மேசை வாசலிலிருந்தே தெரியும்படி கண்ணாடிக்குள் இருக்கிறது. நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள். அந்த டெப்பின் பின்மூடியை நாங்கள் திறக்கவே இல்லை.

நடந்தது இதுதான். அவருடைய மகளின் டெப்பில் வீட்டு வைபையின் பெயரே வரவில்லை. அதே வீட்டில் அவருடைய போனில் வருகிறது. முந்தின கிழமை வரை டெப்பும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எங்களிடம் கொண்டுவந்தார். கடை வைபையில் போட்டதும் பிடித்தது, யூடியூப் ஓடியது, சூம் திறந்தது. வீட்டு ரவுட்டரில்தான் (வைபை தரும் பெட்டியில்) ஏதோ இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து விட்டோம். வீட்டுக்குப் போனால் திரும்பவும் பெயர் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் சந்தேகம் வரும் என்பது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் காரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைபைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று ஒரு அலைவரிசை இருக்கிறது. அதைச் சனல் சனலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பாவிக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் 1 முதல் 13 வரை சனல்கள் உண்டு. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் என்று செய்த கருவிகளில் பல 11ஆம் சனலோடு நின்றுவிடும். 12ஐயும் 13ஐயும் அவை தேடிப் பார்ப்பதே இல்லை. ரேடியோவில் முள் போய் முட்டுகிற இடத்துக்கு அப்பால் ஒரு நிலையம் ஒலிபரப்பினால் நமக்குக் கேட்காது அல்லவா, அதுபோலத்தான். ரேடியோவும் பழுதில்லை, நிலையமும் பழுதில்லை.

சரி, முந்தின கிழமை எப்படி வேலை செய்தது? ரவுட்டர்களில் சனலைப் பெரும்பாலும் ‘ஓட்டோ’வில் விட்டிருப்பார்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் திரும்பத் தொடங்கும்போது சுற்றுமுற்றும் நெரிசல் குறைந்த சனல் எது என்று பார்த்துத் தானே ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளும். அன்று 13ஐ எடுத்துக்கொண்டது. இங்கே வாங்கிய போனுக்கு 13 தெரியும், கனடா டெப்புக்குத் தெரியாது. எங்கள் கடை ரவுட்டர் எப்போதும் 6இல் நிற்கிறது, அதனால் கடையில் பிடித்தது. பிறகு அவருடைய அனுமதியோடு எங்கள் பொடியன் வீட்டுக்கே போய்ச் சனலை 6க்கு மாற்றி வைத்தான். அந்த நிமிடமே டெப்பில் பெயர் வந்தது. அக்காவும் பார்த்தார், சரி என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் குரல்பதிவு ஊர் முழுக்கப் போய்விட்டது. விளக்கம் பின்னால் ஓடிப் பிடிக்குமா?

“அன்ரெனாவைக் கழட்டினால் கிட்ட மட்டும்தானே பிடிக்கும், அப்படி ஏதும் செய்திருக்கலாமே” என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. அன்ரெனா இல்லாவிட்டால் ரவுட்டரின் தலைமாட்டில் வைத்தாலாவது பெயர் வர வேண்டும். அவர் வீட்டில் பக்கத்தில் வைத்தும் வரவில்லை. ஆனால் மதிலுக்கு அங்காலுள்ள அயல் வீட்டு வைபையின் பெயர் அதே டெப்பில் தெளிவாகத் தெரிந்தது. வைபை சிப் என்றாலும் அப்படித்தான். அது தாய்ப்பலகையில் ஈயம் வைத்து ஒட்டியது. அதை எடுத்தால் எங்கள் கடையிலும் பிடிக்காது, உலகத்தில் எங்கேயும் பிடிக்காது. தூர இருக்கிற வைபை தெரிகிற டெப்பில் எதைக் கழற்றியதாகச் சொல்வது?

இதே பிரச்சினை உங்கள் வீட்டிலும் வரலாம். எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிற டெப்புகளில் எத்தனை கனடாவின் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் பெட்டியில் வந்தவை! போனில் தெரிகிற வீட்டு வைபை டெப்பில் மட்டும் தெரியாவிட்டால் முதலில் சனலைப் பாருங்கள். போனை வைபையில் போட்டுக்கொண்டு பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் பக்கம் திறக்கும். சிலவற்றில் 192.168.0.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும். சரியான எண்ணும் உள்ளே போகும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே 2.4க்குரிய சனலை ஓட்டோவிலிருந்து 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை தடவை போனாலும் அது மாறாது.

பைபர் இணைய இணைப்பு எடுத்த வீடுகளில் இன்னொன்று. ஒரே ரவுட்டர் இரண்டு பெயரைக் காட்டும், ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். அதற்கும் போன் கொம்பனிகள் சொல்லும் 5ஜிக்கும் சம்பந்தமில்லை, அது 5 கிகாஹேர்ட்ஸ். விலை குறைந்த டெப்புகள் பல 2.4ஐ மட்டுமே பிடிக்கும், அதனால் அந்தப் பெயர் அவற்றில் வராது. பிடிக்கும் டெப்பாக இருந்தாலும் 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். எங்கள் பழைய நாற்சார் வீட்டுச் சுவர்களுக்கு அது தோற்றுவிடும்.

பெயர் வருகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் ஏறவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பார்க்க வேண்டும். இப்போது வரும் ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை இருக்கிறது. அது 2018இல் வந்தது. ஆண்ட்ராய்டில் 10ஆம் பதிப்பிலிருந்துதான் அதற்கு இடம் உண்டு. அதற்கு முந்தைய டெப் ஏறாது, பாஸ்வேர்ட் பிழை என்றுகூடச் சொல்லும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2வும் 3உம் கலந்த முறையைத் தெரிவு செய்தால் போதும், ரவுட்டரையோ டெப்பையோ மாற்றத் தேவையில்லை.

ஏறிவிட்டது, ஆனால் நெற் இல்லை என்று வருபவர்கள்தான் மிச்சப் பேர். டேட்டா முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள், மாதக் கடைசியில் இதுதான் அதிகம். கனநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த டெப்பில் திகதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும். திகதி பிழையென்றால் இணையத்தளங்களின் சான்றிதழை டெப் நம்பாது, ஒன்றும் திறக்காது. திகதியைச் சரியாக்கினால் தீர்ந்தது. பிறகு விபிஎன், தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் செயலி. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் தடுக்கப்பட்டபோது ஆளாளுக்கு இலவச விபிஎன் போட்டோம். தடை போய்விட்டது, விபிஎன் இன்னும் பல பழைய டெப்புகளில் குந்திக்கொண்டிருக்கிறது. அதை அகற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் கையெடுத்துக் கேட்கிறேன். தயவுசெய்து வைபைக்காக டெப்பை முழுதாக ரீசெற் பண்ணாதீர்கள். பிள்ளையின் குறிப்புகள், படங்கள் எல்லாம் போய்விடும். அதுமட்டுமில்லை, ஆண்ட்ராய்ட் 5.1இலிருந்து ஒரு பூட்டு இருக்கிறது. செற்றிங்கில் போகாமல் பட்டன்களை அமத்தி ரீசெற் செய்தால், முன்பு போட்டிருந்த கூகிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்தக் கணக்கு கனடாவில் இருக்கிற மாமாவுடையதாக இருக்கும், அவருக்கே அது மறந்திருக்கும். அப்படிப் பூட்டிய டெப்போடு வந்து கண்கலங்கி நின்ற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூட்டை உடைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறீர்கள், நாங்கள் செய்வதில்லை. களவுபோன டெப்பையும் அதே வழியில்தான் திறப்பார்கள். வேண்டுமென்றால் செற்றிங்கில் ‘நெற்வேர்க் செற்றிங்ஸ் ரீசெற்’ என்று தனியாக இருக்கிறது, அதைச் செய்யுங்கள். சேமித்த வைபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள், மொபைல் டேட்டா செற்றிங் போன்றவைதான் போகும், படங்களுக்கு ஒன்றும் நடக்காது.

உண்மையான உள்பழுது எப்படி இருக்கும்? வைபை சுவிச்சை அமத்தினாலும் ஓன் ஆகாது, அல்லது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். பெரும்பாலும் புளூடூத்தும் சேர்ந்தே போயிருக்கும், இரண்டும் ஒரே சிப்பில் இருப்பதால். செற்றிங்கில் வைபை முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். விழுந்தது, மழையில் நனைந்தது என்றால் இப்படி வரும். அப்படிக் கண்டால்தான் திறக்கிறோம், அதுவும் நீங்கள் முன்னால் நிற்கும்போதுதான்.

இனிச் செக்கிங் காசு. மேலே எழுதியது அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழை டெப்பிலா ரவுட்டரிலா என்று பிரித்துச் சொல்வதும் வேலைதான். ஒரு மணித்தியாலம் போகும். கடைசியில் “பிழை இல்லை” என்ற ஒரு சொல்லைத்தான் நீங்கள் வாங்கிக்கொண்டு போகிறீர்கள், கையில் ஒரு புதுப் பாகமும் இல்லை. அதனால் சும்மா எடுத்த காசு போல் தோன்றுகிறது. நல்ல டெப்பைத் திறந்து “சிப் போயிட்டுது, எட்டாயிரம்” என்று சொல்லியிருந்தால் யாரும் குரல்பதிவு போட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.

செலவுகளும் கூடியிருக்கின்றன. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டொலர் பழைய 200 ரூபாய்க்குக் கிட்டவே வரவில்லை, பாகங்கள் எல்லாம் டொலரில்தான் வருகின்றன. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். எங்கள் மூத்த தொழில்நுட்பத் தம்பியும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அவருடைய கை உங்களுக்குத் தெரியும், நல்லா இருக்கட்டும். வருகிற முதலாம் திகதியிலிருந்து செக்கிங் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாகிறது, திருத்தக் காசில் அது கழிக்கப்படாது, சிப் வேலைகள் கொழும்புக்குப் போய் வர இரண்டு கிழமை எடுக்கும். வைபை பிடிக்கவில்லை என்று வருபவர்களுக்கு, வர முன்பே போனில் கதைத்துச் செய்து பார்க்கக்கூடியவற்றைச் சொல்லித் தருவது எப்போதும்போல் இலவசம்.

குரல்பதிவு வந்த அன்றே கடைக்கு வந்து “நாங்கள் நம்பேல்லை தம்பி” என்று சொல்லிவிட்டுப் போன சுன்னாகம் ஐயாவுக்கும், குழுக்களில் எங்களுக்காகக் கதைத்த ரீச்சர்மாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2020இல் பாடசாலைகள் பூட்டி எல்லாரும் ஒரேயடியாக டெப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசலில் பொறுமையாக நின்றவர்கள் நீங்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், “அவசரமில்லை, கரண்ட் வந்தாப் பிறகு பாருங்கோ” என்று பொருளை எங்களிடம் நம்பி விட்டுப் போனவர்களும் நீங்கள்தான். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடித்து வருபவர்கள்கூட வேறு கடைக்குப் போகாமல் எங்களைத் தேடி வருகிறீர்கள். இந்த மடலை அந்த நம்பிக்கைக்காகத்தான் எழுதினேன்.

அந்த அக்காவைத் திட்டி யாரும் எதுவும் எழுத வேண்டாம். பிள்ளைக்குச் சோதனை நெருங்கும் நேரத்தில் நெற் இல்லாவிட்டால் எந்தத் தாய்க்கும் பதற்றம் வரும். குரல்பதிவு வந்த குழுக்களில் இந்த மடலையும் போட்டுவிடுங்கள், அது போதும்.

டெப்பைக் கொண்டுவரும்போது சார்ஜரையும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் போனில் எடுத்த படத்தையும் கொண்டுவாருங்கள். வீட்டுப் போனில் அதே வைபை வருகிறதா, டெப் எந்த நாட்டில் வாங்கியது, அதில் யாருடைய கணக்கு இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு வந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் பாதி நேரம் மிச்சம்.

மிக்க நன்றியுடன்,
கடை உரிமையாளர்,
ஸ்ரான்லி வீதி, யாழ்ப்பாணம்.