குறைமாதக் குழந்தையின் நிறையும் வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை நிறுக்கும்போது பம்பர்ஸையும் கழற்ற வேண்டும். ஒரு கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்குக் கூடவேண்டியது 15 முதல் 20 கிராம்தான். நனைந்த பம்பர்ஸின் பாரமே அதைவிட அதிகம். ஒரே தராசு, ஒரே நேரம், பால் கொடுக்குமுன். முதற்கிழமை நிறை குறைவது வழமை, தாய்மார் பதற வேண்டாம். தலைச்சுற்றளவைக் கிழமைக்கொருமுறை நீளாத நாடாவால் அளக்கலாம். நீளத்துக்கு இருவர் அவசியம்: ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்ட.

வீடு திரும்பியபின்தான் பெரிய பிழை நடக்கிறது. 28 வாரத்தில் பிறந்து 16 வாரமான குழந்தையின் திருத்திய வயது, அதாவது கர்ப்பத்தின் 40 வாரம் நிறைந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது, 4 வாரமே. பிறந்த திகதிப்படி வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியிட்டால் கோடு நிறை குறைவைக் காட்டும் சிவப்பில் விழும்; பயந்து தாய்ப்பாலோடு பால்மாவும் தொடங்கிவிடுவார்கள். திருகோணமலை மாவட்டக் கிளினிக்குகளில் இரண்டு வயதுவரை திருத்திய வயதையே பதிவேட்டில் குறிக்க வேண்டுகிறோம்.

குழந்தைப் பராமரிப்புத் தாதியர் சிலர்,
திருகோணமலை.