வளவுக்குள் கிடந்த கோச்சிப்பெட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வாழைச்சேனைக்கும் கல்குடாவுக்கும் இடையில், ஒரு தென்னை வளவுக்குள் நீண்ட காலம் நெல் மூட்டை அடுக்கும் அறையாகப் பயன்பட்டு, பின்னர் அதற்கும் வேண்டாததாகிக் கைவிடப்பட்டிருந்த மரப்பெட்டி, இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் அகலப் பாதையில் ஓடிய மூன்றாம் வகுப்புப் பயணிகள் பெட்டிதான் என்பது ஐயமின்றித் தெளிவாகிவிட்டது. மாரி தொடங்குமுன்னரே அதன் கூரையை மூடி, அடிச்சட்டத்தை நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்தவும் முடிந்தது. இதற்கு உதவியவர்கள் யாவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி வளவுக்காரக் குடும்பத்துக்கு உரியது. அக்காலத்துப் பெட்டிகளின் கூரை, பலகையின்மேல் கன்வஸ் துணியை இழுத்து ஒட்டி வர்ணம் பூசியது. துணி கிழிந்தால் மழைநீர் பலகைக்குள் இறங்கி, அங்கிருந்து தூண்களின் பொருத்துகளை அழுகச் செய்யும். மறைந்த குடும்பத் தலைவர் நெல் நனையக்கூடாது என்பதற்காக அக்கூரைக்கு மேல் தகரம் வேய்ந்திருந்தார். 1978 நவம்பர் சூறாவளி அதைத் தூக்கிச் சென்றபோது மீண்டும் வேய்ந்தார். பழைய இரும்பு வியாபாரிகள் அடிச்சட்டத்துக்கு விலை பேசி வந்தபோதெல்லாம், இரும்பைக் கழற்றினால் மரம் நிற்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அருங்காட்சியகத்தைப் பற்றி அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் எங்களில் எவரையும்விட இப்பெட்டிக்கு அதிகம் செய்தவர் அவரே என்பது என் கணிப்பு.

பெட்டியை அடையாளங்கண்டவர் புகையிரதத் திணைக்களத்தில் பெட்டி திருத்தும் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கொழும்பில் ஓடிய டிராம் வண்டி என்று சிலரும், களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதைப் பெட்டி என்று வேறு சிலரும் வாதிட்டுக்கொண்டிருக்க, அவர் கதவையும் சன்னலையும் ஏறிட்டுப் பாராமல் நேரே அடிச்சட்டத்துக்குக் கீழே படுத்துவிட்டார். சக்கரங்கள் எப்போதோ போய்விட்டாலும், அச்சைத் தாங்கிய இரும்புக் கவைகள் இருபுறமும் எஞ்சியிருந்தன. அவற்றின் இடைவெளியை அளந்து, இது தண்டவாளங்களுக்கிடையே 5 அடி 6 அங்குலம் உள்ள அகலப் பாதைக்கு உரியது, 2 அடி 6 அங்குலச் சிறுபாதையில் ஓடியிருக்க முடியாது என்றார். முனைச்சட்டத்தில், பக்கத்துப் பெட்டியின் மோதலைத் தாங்கும் பஃபர் பொருத்திய துளைகளையும், புகையிரதத்தின் வெற்றிடத் தடையின் (வக்கூம் பிரேக்) உருளையைத் தொங்கவிட்ட கொக்கிகளையும் காட்டி, இவை டிராமுக்கு உரியவையல்ல என்றதும் டிராம் வாதமும் ஓய்ந்தது. பொதிகள் வைக்கும் தட்டின் தாங்கியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்தபோது இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் ஆங்கிலச் சுருக்கமான சீ.ஜீ.ஆர். என்ற வார்ப்பெழுத்துகள் தெரிந்தன. மட்டக்களப்புப் பாதை 1928இல் திறக்கப்பட்டதால் பெட்டியும் அவ்வாண்டினதே என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்றும், வேறு பாதைகளில் ஓடித் தேய்ந்தவற்றைப் புதுப்பாதைக்கு அனுப்பும் வழக்கம் உண்டு என்றும் அவர் எச்சரித்தார். அந்த நிதானத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கும் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்து, முகமூடி அணிந்து, ஒரு கதவின் சிறு பகுதியை மட்டும் படலம் படலமாக நீக்கிய வந்தாறுமூலை மாணவிகளுக்கு நன்றி. மூன்றாம் வகுப்பைக் குறிக்கும் மூன்று நேர்க்கோடுகள் அவர்கள் கையில்தான் வெளிப்பட்டன.

ஓடாவியாரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். மீன்பிடி வள்ளம் கட்டுபவர் அவர். தேக்குப் பலகைகள் உறுதியாக இருக்க, தூண்களின் அடிப்பாகத்தைக் கறையான் அரித்திருந்தது. தூண்களை முழுதாக மாற்றிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, “நல்ல மரத்தை ஏன் தம்பி வெட்டுறீங்க? பழுதானதை மட்டும் எடுத்தாக் காணும்” என்று தடுத்தார். அழுகிய அடியை மட்டும் சாய்வாக அறுத்து, புதுத் துண்டைப் பொருத்தி, கடற்காற்றில் இரும்பாணி நிற்காது என்று பித்தளைத் திருகாணிகளையே பயன்படுத்தினார். பிற்காலத்தில் பார்ப்பவர் பழையதையும் புதியதையும் பிரித்தறியும்படி ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் ஆண்டைச் செதுக்கினார். அது அவருடைய சொந்த யோசனை.

பெட்டியை உயர்த்த ஜக் தந்த வாகனத் திருத்தகத்தினர், தண்டவாளத்தின் கீழ் இடும் பழைய சிலிப்பர் கட்டைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரச் சாரதி, தறப்பாள் வழங்கிய ஏறாவூர் வியாபாரி, வேலை நாட்களில் சோறு சமைத்துத் தந்த அயலவர்கள் ஆகியோருக்கும் நன்றி. தறப்பாள் சுவரில் ஒட்டினால் ஈரம் தங்கி மரம் புழுங்கும் என்பதால், காற்றோட்டத்துக்கு இடம்விட்டு அதைக் கட்டியிருக்கிறோம். பார்க்க வருபவர்கள் தயவுசெய்து இழுத்து மூடிவிட வேண்டாம். கடுகண்ணாவையிலுள்ள தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் யோசனையும் வந்தது. இப்போதைய நிலையில் தூக்கி ஏற்றினால் பொருத்துகள் கழன்றுவிடும் என்று ஓடாவியார் சொன்னதால், வளவுக்காரரின் சம்மதத்துடன் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை சன்னல் அடைப்புகள். அவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. பெட்டியின் முன் நின்று தம் அண்ணன்மாரோடு சிறுவயதில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தந்திராவிட்டால், அவை சாய்பலகை அடைப்புகள் என்பதே தெரியாமல் போயிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தே ஓடாவியார் அளவு குறித்திருக்கிறார். அதற்கு வேண்டிய தேக்கைத் தருவதற்கு, பெயரை வெளியிட வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒருவர் முன்வந்திருக்கிறார். அவருக்கும் எங்கள் நன்றி.

இங்ஙனம்,
பெட்டிப் பாதுகாப்புக் குழுவினர் சார்பில்,
வாழைச்சேனை, மட்டக்களப்பு மாவட்டம்.