அம்மாவுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி?

போனில் ‘சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன்’ என்பதற்கு மேல் நான் எதுவும் பேசுவதில்லை என்று தங்கச்சி வருத்தப்பட்டாள். உண்மைதான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்ற பயம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவை அடக்கம் செய்தபோது நம் ஊரில் மாலை 4 மணி, இங்கே ஆறரை. வேலை பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அதுவரை என் கைக்கு வரவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது மண்ணைக் குவித்து, மாலையும் போட்டுவிட்டார்கள். ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்காத மகனாகிவிட்டேன் அம்மா. அப்புறம் இரண்டு மாதம் நான் கோயிலுக்கே போகவில்லை. உங்களிடம் போனதாகச் சொன்னேன். என்னை மன்னியுங்கள்.

இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். எண்ணெய் எடுக்கிற இந்தச் செம்பனை வருவதற்கு முன்பு இதெல்லாம் ரப்பர் காடு. பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த மாதிரி மரங்களில் பால் வெட்டத்தான் நம் சனங்கள் கப்பலேறி வந்தார்கள். பாட்டியும் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். காலையில் என்னைப் பார்த்தால் ‘பசியாறிட்டியாப்பா?’ என்று கேட்காமல் இருக்கமாட்டார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது கோப்பியோடு வந்தார். அப்பாவின் அடக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள் அல்லவா, அதில் போனவர். பாட்டி அப்போது கைக்குழந்தை. 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். அங்கே காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு என்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. நம் ஆட்களுக்கு அப்படிப் பேர் எழுதின கல் கிடையாது. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லாததால் பாட்டியின் அம்மா கடைசி மூச்சுவரை தாலியைக் கழற்றவில்லையாம்.

“எங்கப்பா எந்த மண்ணுல கெடக்காருன்னு எனக்குத் தெரியாது. எழுப்பப் போறவருக்குத் தெரியும்” என்றார் பாட்டி. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் உடையவில்லை. நான்தான் அழுதேன்.

பெரிய வெள்ளிக்கு இந்தப் பக்கம் அரசு விடுமுறை இல்லை; சபா, சரவாக்கில் மட்டும்தான். வேலை முடித்து, குளித்துவிட்டு, இரவு ஆராதனைக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈஸ்டர் அன்று காலை ஐந்தரைக்கே கோயில். இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும், அதனால் நல்ல இருட்டு. ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்று போதகர் ஐயர் சொல்ல, ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்பாவின் குரலே கேட்டது. நம் வீட்டில் அன்றைக்கு அதைச் சொல்லித்தானே எங்களை எழுப்புவார்.

யோவான் 20-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். மகதலேனா மரியாள் கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள், இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைத்துவிடுகிறாள். எத்தனை தடவை கேட்ட பகுதி! ஆனால் தோட்டத்திலேயே வாழ்கிற சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. அவர் அவளுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். கல்லறைக்கு அந்தப் பக்கமும் நம் பேரைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அப்போது நம்பினேன் அம்மா. அப்பாவின் பேரும் அவருக்குத் தெரியும். நான் மண் போட்டேனா இல்லையா என்பதில் அப்பாவின் காரியம் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு புதிதாக நட்ட செம்பனைகள் போன மாதம்தான் காய்த்தன. முதல் குலையை வெட்டினோம்; சிறிதாக, கைக்கு அடங்குகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததுமே மண்டோர், எங்கள் மேற்பார்வைக்காரர், லாரிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு பண்ணப் போய்விட்டார். ஒரு குலை வந்துவிட்டால் மற்றதும் வரும் என்று அவருக்குத் தெரியும். நம் அப்பாவும் வாழை முதல் தாரை வெட்டி, அறுப்பின் பண்டிகைக்குத் தோளில் சுமந்துகொண்டு போவாரே. கிறிஸ்துவை முதற்பலன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்கு இதுதான் அர்த்தம் என்று அந்தக் குலையைக் கையில் வைத்திருந்தபோது புரிந்தது. அவர் எழுந்தாரென்றால் பின்னால் அப்பா இருக்கிறார், பாட்டியின் அப்பாவும் இருக்கிறார்.

துக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சாயங்காலம் ஆறரை ஆனால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் இப்போது ராத்திரி தூங்குகிறேன். ஜெபிக்கவும் முடிகிறது.

இந்த மாதம் 700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கல்லறையைக் கட்டிவிடுங்கள். கொத்தனார் கல்லில் ‘இறப்பு’ என்று வெட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘நித்திரையடைந்தது’ என்று போடச் சொல்லுங்கள். பக்கத்தில் உங்களுக்கு விட்ட இடத்தைச் சிமெண்டு போட்டு மூடவேண்டாம், செடி வையுங்கள். லீவு கிடைத்ததும் வந்து நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உங்கள் அன்பு மகன்