நான் முதலாவதாக வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் பத்திரிகையின் மலையகப் பக்கத்தில், எங்கள் பழைய மாணவர் சங்கம் முன்னாள் விளையாட்டு வீரர்களைக் கௌரவித்த செய்தி படத்தோடு வந்திருந்தது. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக, பச்சைச் சேலையில், கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவள் நான். "1993 மத்திய மாகாணப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் முதலாமிடம் பெற்ற இவர் இன்று மருத்துவமாதாகச் சேவையாற்றுகிறார்" என்று போட்டிருந்தீர்கள். மருத்துவமாது என்பது சரி, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்ப்பதுதான் என் வேலை. முதலாமிடம் சரியில்லை. நான் இரண்டாவதாகத்தான் வந்தேன்.

பிழை தங்கள் நிருபருடையது அல்ல. மேடையில் வாசித்ததை அவர் எழுதிக்கொண்டு போனார். வாசித்தவரோ, யாரோ ஞாபகத்தில் சொன்னதை எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்து விளையாட்டுக் கோப்பு எதுவும் பாடசாலையில் இல்லை, மழையில் நனைந்து போயிற்றாம். ஒலிபெருக்கியில் "முதலாமிடம்" என்று கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு நிற்கிறார், பழைய அதிபர் கைதட்டுகிறார், கீழே என் மகள் போனில் வீடியோ எடுக்கிறாள். சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். இறங்கி வந்தபின் கொடுத்த ரோல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

முதலாவதாக வந்தவள் என் வகுப்புத் தோழி. தலவாக்கலைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டம். அவள் மேற்பிரிவு, நான் கீழ்ப்பிரிவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி, மூன்று மணிப் பயிற்சிக்கு ஓடியே வந்துவிடுவாள். நாங்கள் மைதானத்தைச் சுற்றி உடம்பைச் சூடாக்கும்போது அவளுக்கு ஏற்கெனவே வியர்த்திருக்கும். "இவளுக்குப் பயிற்சி நான் கொடுக்கல, தோட்டம் கொடுக்குது" என்று உடற்கல்வி மாஸ்டர் சொல்வார்.

எங்கள் மைதானம் சிறியது. 800 மீற்றர் என்றால் நான்கு சுற்று ஓட வேண்டும். மாகாணப் போட்டி நடந்த கண்டி போகம்பரை மைதானத்தில் இரண்டே சுற்று. அவள் முதல்நாளே மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடமும் சொன்னாள். நான்தான் கண்டி வாவியை முதன்முதலாகப் பார்த்த சந்தோசத்தில் காதில் வாங்கவில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது, இன்னும் இரண்டு மூன்று சுற்று இருக்கிறது என்று நினைத்து மூச்சைச் சேமித்துக்கொண்டிருந்தேன். அவள் பறந்துவிட்டாள். விசயம் புரிந்து நான் வேகம் எடுத்தபோது எங்களுக்கிடையில் இருபது மீற்றராவது இருக்கும். அந்த மணியின் அர்த்தம் தெரிந்திருந்தாலும் அவளை என்னால் பிடித்திருக்க முடியாது. இருவரும் வெறுங்கால்தான். அவள் காலில் மட்டும் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருந்தது.

எங்கள் இருவரையும் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் நடந்த அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவு செய்தார்கள். அவள் வரவில்லை. அந்த மாதம் அவளுடைய அம்மா மலையில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தார். வீட்டில் பேர் போட ஆள் இல்லை. (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். சம்பளம் அந்தக் கணக்கில்தான்.) பதினேழு வயதில் அவள் கூடையை எடுத்தாள், பிறகு இறக்கவே இல்லை. நான் கொழும்புக்குப் போய், ஆணிச் சப்பாத்து போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் ஓடி, ஆரம்பச் சுற்றிலேயே ஏழாவதாக வந்து திரும்பினேன்.

ஆனால் அந்த இரண்டாமிடச் சான்றிதழ் எனக்கு உதவியது. மருத்துவமாதுப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சையில் அதைப் புரட்டிப் பார்த்த ஓர் அம்மையார், "ஓடுவீங்களா? லயம் லயமா ஏறி இறங்க அது நல்லது" என்றார். (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்.) அதற்காகத்தான் எடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஏறி இறங்குகிறேன். முதலாமிடச் சான்றிதழை எந்த நேர்முகப் பரீட்சையிலும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

விழாவில் பிரதம விருந்தினர் நன்றாகத்தான் பேசினார். மலையகத்தில் விளையாட்டு விழா என்றால் முரளிதரனின் 800 விக்கெட் வராமல் முடியாது, வந்தது. (என்னுடையதும் 800 தான், மீற்றர் என்பதுதான் வித்தியாசம்.) சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற, கண்டி திரித்துவக் கல்லூரியின் டங்கன் வைட் பிற்பாடு நைஜீரியாவில் பல்கலைக்கழக விரிவுரையாளரானதைச் சொன்னார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்து, 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் படித்துக் கலாநிதியானதைச் சொன்னார். "விளையாட்டும் தொழிலும் இரு கண்கள்" என்று முடித்தார். கேட்க நன்றாக இருந்தது. என் தோழிக்கு ஒரு கண்ணை யார் பொத்தினார்கள் என்று மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவளை ஏன் அழைக்கவில்லை என்று செயலாளரிடம் கேட்டேன். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள்: பெயர், படித்த ஆண்டு, விளையாட்டு, சாதனை, தற்போதைய பதவி, நிறுவனம். நிரப்பியவர்களிலிருந்து தெரிவு செய்தார்களாம். வலைப்பந்து அணித் தலைவி வங்கி முகாமையாளர், காற்பந்துக் கோல் காப்பாளர் அதிபர், இன்னொருவர் கனடாவில் பொறியியலாளர். எல்லோரும் தகுதியானவர்கள், எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் "பதவி", "நிறுவனம்" என்ற அந்த இரண்டு கட்டத்தில் கொழுந்தெடுக்கிற பெண் என்ன எழுதுவாள்? முதலாமிடத்தைத் திருத்த வேண்டும் என்றபோது, "விடுங்க அக்கா, ஒண்ணு ரெண்டெல்லாம் இப்ப யாரு பாக்கிறது" என்றார் அந்தத் தம்பி.

பார்க்கிறார்கள். 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார் சுசந்திகா ஜயசிங்க. முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தார். 2009 இல் சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக மாற்றினார்கள். ஒன்பது வருடம் கழித்து ஒலிம்பிக்கிலேயே ஏட்டைத் திறந்து திருத்த முடியுமென்றால், எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் புதிதாக மாட்டியிருக்கும் பலகையில் ஒரு வரியை அழித்து எழுதுவதற்கு ஒரு சிறு தகரம் வெள்ளைப் பெயின்ற் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை கேடயத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு மேற்பிரிவுக்கு ஏறினேன். லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கேடயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு ஒரு சிரிப்பு.

"முதலாமிடம்னு இருக்கு, ஒன் பேரும் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் புள்ள சரி."

வைத்துக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டாள். பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றதும், தன் பெயரைப் போடக்கூடாது என்றாள். "செக்ரோல்ல போட்ட பேரெல்லாம் போதும்." மகனிடம் மட்டும் படத்தைக் காட்டி, "இந்த அக்கா எனக்குப் பின்னால ஓடி வந்தவ" என்றாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, திருத்தத்தில் அவள் பெயர் வேண்டாம். "800 மீற்றரில் முதலாமிடம் பெற்றவர் அதே பாடசாலையின் இன்னொரு மாணவி, இன்று தோட்டத் தொழிலாளி" என்று போடுங்கள். இரண்டாமிடச் சான்றிதழின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஓரம் பூச்சி அரித்திருந்தாலும் இடம் தெளிவாக வாசிக்க முடியும். என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன.

இப்படிக்கு,
படத்தில் மூன்றாவதாக நிற்பவள்,
தலவாக்கலை.