காத்தாடியை ஓட வைத்தவர்களுக்கு நாகர்கோவில் கோணத்தில் ஒரு பட்டறை கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசியில் பிடிக்கிற காற்று புரட்டாசி வரை விடாது. அதை நம்பித்தான் 1990களில் முப்பந்தலைச் சுற்றி வரிசையாகக் காற்றாலைகள் எழுந்தன. எங்கள் ஊர்ப் பேச்சில் காத்தாடி. அன்று வந்தவற்றில் பல 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இன்றைய 3 மெகாவாட் இயந்திரம் ஒன்று 250 கிலோவாட் இயந்திரம் பன்னிரண்டுக்குச் சமம். பழையதை மாற்றவும் புதுப்பிக்கவும் 2024-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம்.

எங்கள் கவலை இயந்திரத்தைப் பற்றியதல்ல, அதை இத்தனை காலம் ஓட வைத்தவர்களைப் பற்றியது. கோபுரத்தில் ஏறி, கியர்பாக்ஸ் எண்ணெயை இரு விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். துகள் நெருடினால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். உதிரி பாகம் வருவது நின்றுபோனால், லேத் பட்டறையில் அதே அளவுக்குக் கடைந்து மாட்டுவார்கள். பசுமைத் தொழில்நுட்பத்தில் புதுமை வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதற்கான அடித்தளம் இந்தக் கைகளில்தான் இருக்கிறது. பழைய இயந்திரங்கள் இறங்கும்போது இவர்களும் கலைந்துபோனால், அந்த அறிவைத் திரும்பச் சேர்க்க இன்னொரு தலைமுறை ஆகும்.

இறக்கைகளையும் யோசியுங்கள். கோபுர இரும்பைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய இறக்கையை அப்படி உருக்கி வார்க்க முடியாது. வெட்டி, அரைத்து, வேறு பொருளாக்கும் வழியை யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். குவியப்போவது எங்கள் மண்ணில். அந்த ஆராய்ச்சியும் இங்கேயே நடக்கட்டும்.

நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக், ஐடிஐ, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. தேசிய காற்று சக்தி நிறுவனத்தின் சோதனை நிலையமும் தொலைவில் இல்லை, கயத்தாறில்தான். கழற்றி இறக்கும் காத்தாடிகளில் ஒன்றை முழுசாகக் கோணத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பொதுப் பட்டறை தொடங்குங்கள். அங்கே சொல்லிக்கொடுக்க எங்கள் டெக்னீஷியன்களைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். பட்டம் இல்லை என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். அப்புறம், மாற்ற அனுமதி கேட்டு வரும் நிறுவனங்களிடம் இந்தப் பட்டறைக்கு ஒரு பங்கு கேட்பதிலும் தவறில்லை.

பெரிய பராமரிப்பு வேலைகள் காற்று ஓய்ந்த பிறகுதான் நடக்கும். மாணவர்கள் கூடவே நின்று கற்க அதுவே தோதான காலம். ஆகவே ஐப்பசிக்குள் உத்தரவு வந்தால் இந்தச் சுற்றிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஆரல்வாய்மொழிக்காரன் ஒருவன்